மஞ்சள் கிழங்கோடு லேப்டாப் கடைக்கு

பாண்டுரங்கன் மஸ்கட்டுக்குக் கிளம்பிய நாள் 2012 செப்டம்பர் மூன்று, திங்கட்கிழமை. திண்டிவனம் மேம்பாலத்தடியில் சென்னை பஸ் வந்து நின்றபோது பகல் பதினொரு மணி. கரண்டு போய் அரை மணி நேரம் ஆகியிருந்தது. அவன் வேலை பார்த்த போட்டோ ஸ்டுடியோவில் வேலை ஓடவில்லை. அதனால்தான் கூட வேலை பார்த்த அன்புச்செல்வியால் வழியனுப்ப வர முடிந்தது.

பாண்டுரங்கன் ஜன்னலோர சீட்டைப் பிடித்து உட்கார்ந்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டான். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூன்று நாளாக மனதில் வைத்திருந்ததைக் கேட்டாள்.

"அண்ணா, ஒண்ணே ஒண்ணு. கம்மி வெலையில மிக்ஸிங் பண்ற மாதிரி எந்த லேப்டாப் நல்லாருக்கும்?"

"யாருக்கு?"

"சும்மா தெரிஞ்சி வெச்சிக்கலாம்னுதான்."

"மிக்ஸிங் பண்ணப் போறியா நீ? ஆல்பத்துல கோந்து காயறதுக்குள்ள பார்த்துக்கோ, கை ஒட்டிக்கினு வராது" என்று சிரித்தான். கண்டக்டர் விசில் அடித்தார். பஸ் நகர்ந்தது. "போய்ச் சேர்ந்ததும் மெசேஜ் அனுப்பறேன், அன்பு! பேரோட எழுதி அனுப்பறேன்!"

கல்யாண வீடியோவை வெட்டி, ஒட்டி, பாட்டுச் சேர்த்து, டிவிடியாக்கித் தரும் வேலைக்கு அந்தப் பக்கத்தில் மிக்ஸிங் என்று பெயர். கோதண்டபாணியின் ஸ்டுடியோவில் ஐந்து வருஷமாக அதைச் செய்தவன் பாண்டுரங்கன். அன்புச்செல்வி அங்கே நான்கு வருஷம். பன்னிரண்டாவது முடித்த கையோடு ஆல்பம் ஒட்ட வந்தவள், பிறகு போட்டோவில் மாப்பிள்ளையின் பருவை எடுப்பது, பெண்ணின் கண்ணுக்கடியில் கருப்பை எடுப்பது என்று கம்ப்யூட்டர் பழகிக்கொண்டாள். மிக்ஸிங் மட்டும் கிட்டவே போக முடியாத வேலையாக இருந்தது. யாராவது பின்னால் வந்து நின்றால் பாண்டுரங்கன் மானிட்டரைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிடுவான்.

அவனுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அந்தச் சுவரில் ஒரு கல்யாணப் பெண்ணின் ஆளுயரப் படம் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருந்தது. ஆல்பம் ஒட்டும் மேஜையிலிருந்து பார்த்தால் அந்தப் பெண்ணின் பட்டுப்புடவை மடிப்பில் மானிட்டர் முழுசாகத் தெரியும். எங்கே வெட்டுகிறான், எதை எதோடு சேர்க்கிறான், பாட்டு எந்த இடத்தில் ஏறுகிறது, எல்லாவற்றையும் அவள் அதில் பார்த்துத்தான் கற்றாள். இடம் வலமாகக் கற்றாள். அவன் லீவில் போன நாட்களில் மிஷின் முன்னால் உட்கார்ந்தபோது அவள் கை முதலில் எதிர்ப் பக்கம்தான் போனது.

அவனைப் பற்றி இன்னொன்றும் அவளுக்கு விளங்காமல் இருந்தது. ஒரு கல்யாணத்துக்கு ஒரு டிவிடி போதும். அவன் குப்பைக் கூடையில் நாலு, ஐந்து டிவிடி கிடக்கும். அதையெல்லாம் அவள் வீட்டுக்கு எடுத்துப் போனாள். அவளுடைய அம்மா சவுரியம்மாள் களையெடுக்கப் போகும் மல்லாட்டைக் கொல்லையில் கடலையைப் பொறுக்க வரும் காக்காவை விரட்ட அவற்றை நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

பாண்டுரங்கன் போய் ஒரு வாரம் ஆனது. மெசேஜ் வரவில்லை.

கோதண்டபாணி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். ஏழு கல்யாணம் மிக்ஸிங் அடிக்காமல் கிடந்தது. ஆடு மேய்ச்சலுக்குப் போய் வருவதுபோல் கரண்டு வந்து வந்து போன வருஷம் அது. ஸ்டுடியோ கம்ப்யூட்டரின் யூபிஎஸ் ஆறு மாதம் முன்பே கண்ணை மூடிவிட்டது.

"பாண்டிச்சேரியில ஒருத்தன் இருக்கான். ஏழையும் அவங்கிட்ட தள்ளிட வேண்டியதுதான்" என்றார்.

"நான் பண்றேன்ணா."

"நீயா?" அவர் நிமிர்ந்து பார்த்தார். "எதுல? இந்த டப்பாலயா? இது கண்ணைத் தொறக்கறதுக்குள்ள கரண்டு ரெண்டு வாட்டி போய்ட்டு வருது."

"லேப்டாப் வாங்கிக் குடுங்க. பேட்டரில ஓடும்."

கோதண்டபாணி வெகு நேரம் காதைக் குடைந்துகொண்டிருந்தார். பெரிய முடிவு எடுக்கும்போது அவருக்கு அந்தப் பழக்கம்.

"முப்பத்திரண்டாயிரம். அதுக்கு மேல ஒரு ரூபா கெடையாது. விழுப்புரம் போய் நீயே பார்த்து எடு. கண்டாச்சிபுரம் சுப்புராயன் பொண்ணு செந்தாமரை கல்யாணத்தை மொதல்ல அடி. தல தீபாவளிக்கு மாப்பிள்ளை வரும்போது வீடியோ ஓடணும்னு மனுஷன் சொல்லிக்கினு இருக்காரு. எனக்குப் புடிச்சா மிக்ஸிங் உனக்கு. புடிக்கல, ஏழும் பாண்டிச்சேரிக்குப் போய்டும், நீ பழையபடி கோந்து டப்பாவத் தொறந்துக்கோ."

புரட்டாசியில் முகூர்த்தம் கிடையாது. அந்த ஒரு மாதம்தான் அவளுக்குக் கிடைத்த நேரம்.

அன்புச்செல்வி ஒரு நோட்டு வாங்கினாள். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து லேப்டாப் பற்றி எழுதியிருந்ததையெல்லாம் படித்தாள். படிக்கப் படிக்க ஆசையாக இருந்தது. ஒரு சின்னச் சில்லு ஒரு செகண்டில் இத்தனை கோடி வேலை செய்கிறது என்றால், செந்தாமரை தலைகுனிந்து நிமிர்வதற்குள் அது என்னென்ன செய்து முடித்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே சைக்கிளில் வீட்டைத் தாண்டிப் போய்விட்டாள். கடைசியில் நோட்டில் மூன்று வரிதான் மிஞ்சியது. வேகமான பிராசசர். நாலு ஜிபி ராம். பெரிய ஹார்டு டிஸ்க்.

வெள்ளிக்கிழமை விழுப்புரம் போனாள். கடையில் ஏசி ஓடியது, வாசலில் ஜெனரேட்டர் ஓடியது. விற்பனைக்கு நின்ற பெண்ணின் சட்டையில் துர்கா என்று பெயர் குத்தியிருந்தது.

"செவப்பு, நீலம், கருப்பு, மூணு கலர்ல இருக்குது மேடம்."

"கலர் இருக்கட்டும். இதுல எது வேகம்?"

துர்கா ஒன்றைக் காட்டினாள். பளபளவென்று கண்ணாடி மாதிரித் திரை. அன்புச்செல்வி கொண்டுபோன பென் டிரைவைச் சொருகி, அதிலிருந்த மூன்று நிமிஷப் பாட்டு வீடியோவை டிவிடிக்கு ஏற்ற மாதிரி கன்வெர்ட் போட்டுப் பார்த்தாள். பாட்டு முடிவதற்குள் வேலை முடிந்துவிட்டது. முப்பத்தோராயிரத்து ஐந்நூறு. வாங்கிவிட்டாள்.

"ஒட்டுன பிளாஸ்டிக்கை மட்டும் கிழிச்சிடாதீங்க" என்றாள் துர்கா. "திங்கக்கெழம வரைக்கும் மாத்திக்கலாம். அதுக்கு மேல வந்தா எங்க சாரு என்னைத்தான் மாத்துவாரு."

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து, டிரங்குப் பெட்டி மேல் லேப்டாப்பை வைத்து, செந்தாமரையின் நலங்கை மட்டும் மிக்ஸிங் செய்தாள். பெண்ணுக்கு மஞ்சள் பூசும் இடம். கேமராவில் வந்த மஞ்சள் அவளுக்கு வெளிறித் தெரிந்தது. கொஞ்சம் ஏற்றினாள். போதவில்லை. இன்னும் ஏற்றினாள். கன்னம், கை, கால் எல்லாம் நிஜ மஞ்சள் மாதிரி வரும் வரைக்கும் ஏற்றினாள். தன் வேலை தனக்கே பிடித்துப்போய் நாலு முறை போட்டுப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கரண்டு இருந்த நேரம் பார்த்து, ஸ்டுடியோவின் பெரிய டிவியில் கோதண்டபாணிக்குப் போட்டுக் காட்டினாள்.

முதல் ஒரு நிமிஷம் அவர் உட்கார்ந்து பார்த்தார். பிறகு எழுந்து டிவிக்குக் கிட்டப் போனார்.

"என்னாமா இது? பொண்ணு மஞ்சளா இருக்குது, சரி. பொண்ணோட அத்தை ஏன் மஞ்சளா இருக்குது? செவுரு மஞ்சளா இருக்குது. பந்தல்ல நின்ன நாய் கூட மஞ்சளா இருக்குது. மொத்தக் கல்யாணத்தையும் வேன் வெச்சி முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில அட்மிட் பண்ணணும் போலிருக்குதே!"

அவள் டிவியைப் பார்த்தாள். அவர் சொன்னது நிஜம். ஊரே காமாலை கண்டு உட்கார்ந்திருந்தது.

"பேஜாரு புடிச்ச வேலைம்மா இது. உம்மேல தப்பு சொல்லல. நாளைக்கு ஏழு கல்யாணமும் இருக்கற ஹார்டு டிஸ்க்கை பாண்டிச்சேரி பஸ்ல போட்டு அனுப்பிடறேன்."

"நாளைக்கு ஒரு நாள் மட்டும் வெச்சிருங்கண்ணா. லேப்டாப்பைத் திருப்பிக் குடுக்கணும் இல்ல? பணம் உங்களுதுதானே."

பணம் என்றதும் கோதண்டபாணி காதைக் குடைந்தார். "சாயங்காலம் ஆறு மணி வரைக்கும்" என்றார்.

அவர் போன பிறகு அவள் லேப்டாப்பை டிவிக்குப் பக்கத்தில் தூக்கி வைத்தாள். ஒரே படம். டிவியில் காமாலை, லேப்டாப்பில் லட்சணமான பெண். லேப்டாப் திரையில் லேசாக ஒரு நீலம் ஓடுவதை இப்போதுதான் பார்த்தாள். தரையில் உட்கார்ந்து கீழிருந்து பார்த்தால் அது இன்னும் கூடியது. திரை விழுங்கிய மஞ்சளை அவள் வீடியோவில் கொட்டியிருக்கிறாள். முகம் பார்க்கும் கண்ணாடியில் அழுக்கிருந்தால் முகத்தைத் தேய்த்துக் கழுவுகிற மாதிரி. நோட்டில் எழுதிய மூன்று வரியில் திரை என்ற வார்த்தையே இல்லை.

அவளுக்குப் பயம் இருந்தது. ஆனால் பயத்தைவிடப் பெரிதாக இன்னொன்று இருந்தது. அப்படியானால் எல்லா லேப்டாப்பும் பொய் சொல்லுமா? ஒவ்வொன்றும் எவ்வளவு பொய் சொல்லும்? அதை எதைக் கொண்டு அளப்பது?

மறுநாள் விடிந்ததும் அடுப்படிக்குப் போய், அஞ்சறைப் பெட்டியிலிருந்து விரல் நீள மஞ்சள் கிழங்கு ஒன்றை எடுத்தாள். ஈரக் கல்லில் ஒரு பக்கம் உரசினாள். வாசல் வெயிலில் ஒரு வெள்ளைத்தாள் மேல் வைத்து, முந்தின நாள் எடுத்து வந்திருந்த ஸ்டுடியோ கேமராவில் படம் பிடித்தாள். போகிற வழியில் ஸ்டுடியோவில் இறங்கி டிவியில் போட்டாள். கையிலிருந்த கிழங்கைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள். இரண்டும் ஒன்று. டிவி பொய் சொல்லவில்லை. படத்தைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டாள். கிழங்கைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள்.

வீட்டிலிருந்து கிளம்பும்போதே சவுரியம்மாள் கேட்டிருந்தாள்: "லேப்டாப் மாத்தப் போறவளுக்கு மஞ்சக் கெழங்கு எதுக்குடி? அதுக்கும் நலங்கு வெக்கப் போறியா?"

கடையில் துர்கா அவளைப் பார்த்ததும் முதலில் ஒட்டுத்தாளைத்தான் பார்த்தாள். கிழியவில்லை.

"என்னா ஆச்சு? ஓடலையா?"

"நல்லா ஓடுது. பார்க்கத்தான் தெரியல அதுக்கு." அன்புச்செல்வி கைக்குட்டையை அவிழ்த்தாள்.

துர்கா கிழங்கைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், முதலாளி இருக்கும் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். "அக்கா, மந்திரம் கிந்திரமா? எங்க சாருக்கு அதெல்லாம் ஆவாது."

"ஒவ்வொண்ணாப் போடுங்க, காட்டறேன்."

முப்பத்திரண்டாயிரத்துக்குள் கடையில் ஆறு லேப்டாப் இருந்தது. ஒவ்வொன்றிலும் அதே படத்தைப் போட்டு, பக்கத்தில் கிழங்கைப் பிடித்தாள். நின்று பார்த்தாள். குந்தி உட்கார்ந்து பார்த்தாள். பக்கவாட்டில் நகர்ந்து பார்த்தாள். ஒன்றில் மஞ்சள் எலுமிச்சை நிறத்துக்குப் போனது. ஒன்றில் நின்றால் மஞ்சள், குந்தினால் காவி. ஒன்றில் கிழங்கே கருகிப்போய்க் கிடந்தது. நாலாவது லேப்டாப்புக்கு வந்தபோது துர்கா தானே கிழங்கைக் கையில் வாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். மிக்ஸி வாங்க வந்த இரண்டு பேர் மிக்ஸியை விட்டுவிட்டு இங்கே வந்து நின்றுகொண்டார்கள்.

"ரெண்டு வருஷமா இத வித்துக்கினு இருக்கேன்" என்றாள் துர்கா. "எல்லாம் ஒரே மாதிரின்னுதான் நெனச்சேன். இன்னாக்கா இது, ஆளாளுக்கு ஒரு மஞ்ச காட்டுது!"

ஆறும் தேறவில்லை. அன்புச்செல்வி கிழங்கை முடியப் போனாள். துர்கா கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இருங்க. புதுசுதான் வேணுமா?"

பின்பக்க அலமாரியிலிருந்து ஒன்றைத் தூக்க முடியாமல் தூக்கி வந்தாள். சென்னையில் ஏதோ கம்பெனி நாலு வருஷம் ஓட்டிவிட்டுக் கழித்துப் போட்டது. செங்கல் கனம். மூலை தேய்ந்திருந்தது. திரையில் பளபளப்பே இல்லை, சிலேட்டுப் பலகை மாதிரி மங்கல். படத்தைப் போட்டார்கள். துர்கா கிழங்கைப் பிடித்தாள். அன்புச்செல்வி குந்தினாள். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. பக்கவாட்டில் போனாள். அசையவில்லை.

"இதான்" என்றார் மிக்ஸி வாங்க வந்தவர், தனக்கே வாங்குவதுபோல.

பிறகு அவள் அந்த மூன்று நிமிஷப் பாட்டைக் கன்வெர்ட் போட்டாள். பத்து நிமிஷம் ஆனது. துர்காவின் முகம் தொங்கிவிட்டது. "ரொம்ப ஸ்லோக்கா."

அன்புச்செல்வி யோசித்தாள். மெதுவாக ஓடினால் காத்திருக்கலாம். அது நேரத்தைத்தான் கேட்கும், புரட்டாசி முழுக்க அவளிடம் நேரம் இருக்கிறது. நிறத்தைத் தப்பாகக் காட்டினால் எவ்வளவு காத்திருந்தாலும் சரியாகாது. விலையைக் கேட்டாள். பதினெட்டாயிரம். அடியில் திருப்பிப் பார்த்தாள். பேட்டரி தனியாகக் கழன்று வந்தது.

"இதே மாதிரி இன்னும் ரெண்டு பேட்டரி கெடைக்குமா? ராம் நாலு ஜிபி ஆக்கித் தருவீங்களா?"

எல்லாம் சேர்த்து இருபத்தாறாயிரத்துக்குள் முடிந்தது. கிளம்பும்போது துர்கா கூப்பிட்டாள்: "அக்கா, அந்தக் கெழங்கைக் குடுத்துட்டுப் போங்களேன்." கொடுத்துவிட்டு வந்தாள்.

சாயங்காலம் ஐந்தரைக்கு மிச்சப் பணத்தையும் செங்கல்லையும் கோதண்டபாணியின் மேஜை மேல் வைத்தாள். அவர் பணத்தை எண்ணிவிட்டு லேப்டாப்பைத் தட்டிப் பார்த்தார். "வீடு கட்டவா, வீடியோ அடிக்கவா?" என்றார். ஆனால் ஹார்டு டிஸ்க்கை அன்றைக்கு அனுப்பவில்லை.

அந்த மிஷினுக்கு ஏற்ற மாதிரி அவள் வேலையை மாற்றிக்கொண்டாள். கரண்டு இல்லாதபோது பேட்டரியில் வெட்டுவது, ஒட்டுவது. ஒன்று தீர்ந்தால் அணைத்துவிட்டு அடுத்ததை மாட்டுவது. கரண்டு வந்ததும் கன்வெர்ட். கரண்டு தொடர்ந்து மூன்று மணி நேரம்கூட நிற்காது என்பதால் கல்யாணத்தையே துண்டு போட்டாள். நலங்கு ஒன்று, பெண் அழைப்பு ஒன்று, தாலி ஒன்று, பந்தி ஒன்று. ஒவ்வொரு துண்டும் ஒரு கரண்டு நேரத்துக்குள் முடிகிற அளவு. கடைசியில் எல்லாவற்றையும் கோத்துக்கொள்ளலாம்.

புரட்டாசி முடிவதற்குள் முடித்திருப்பாள். ஆனால் நடுவில் அந்தச் செங்கல்லின் பழைய ஹார்டு டிஸ்க் படுத்து எழுந்ததில் ஒரு வாரம் போய்விட்டது. அக்டோபர் கடைசியில் புயல் வந்தது. இரண்டு நாள் திண்டிவனத்தில் கரண்டே இல்லை. மூன்று பேட்டரியையும் பையில் போட்டுக்கொண்டு, மழையில் நனைந்து, கல்யாண மண்டபத்து மேனேஜரிடம் போய் ஜெனரேட்டரில் சார்ஜ் போட்டு வந்தாள். "பேட்டரிக்குக் கல்யாணமா?" என்று கேட்டுவிட்டுத்தான் அவர் பிளக்கைக் காட்டினார்.

நவம்பர் ஐந்தாம் தேதி கோதண்டபாணி முழு வீடியோவையும் டிவியில் பார்த்தார். இரண்டே கால் மணி நேரம். காதைக் குடையவில்லை. நலங்கு வந்தபோது எழுந்து டிவிக்குக் கிட்டப் போனார். பெண்ணின் அத்தையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். நாயைத் தேடினார். நாய் பழுப்பாக இருந்தது.

"ஜல்தியா கவர் போடு" என்றார்.

தீபாவளிக்கு மறுநாள் ஸ்டுடியோ போன் அடித்தது. கண்டாச்சிபுரத்திலிருந்து சுப்புராயன். அன்புச்செல்விதான் எடுத்தாள்.

"யாரும்மா இந்த வீடியோவுல கத்திரி போட்டது?"

"நான்தாங்க. ஏங்க?"

"பந்தில ஊரே சாப்பிடுது, பார்த்தேன். பொண்ணப் பெத்தவன், நான் சாப்பிட்டது ஒரு எடத்துலயும் வரலையே? மாப்பிள்ளை வேற 'மாமா அன்னைக்குப் பட்டினியா'ன்னு கேக்கறாரு!"

"அது... நீங்க சாப்பிட்டதை கேமராகாரரு எடுக்கலீங்க. நெறமெல்லாம் எப்படிங்க இருக்குது? நலங்கு?"

"நெறத்துக்கு என்னா? மஞ்ச மஞ்சளாத்தானே இருக்குது" என்றார் சுப்புராயன். இதையெல்லாமா கேட்பார்கள் என்கிற மாதிரி.

அவள் போனை வைத்தாள். கோதண்டபாணி கேட்டார், "என்னாவாம்?" அவள் சொன்னாள். அவர் அலமாரியைத் திறந்து, மீதி ஆறு கல்யாணம் இருந்த ஹார்டு டிஸ்க்கை அவள் மேஜைப் பக்கம் தள்ளினார். ஆல்பம் ஒட்ட வேறொரு பெண்ணைப் பார்க்கச் சொன்னார்.

அந்தச் செங்கல் ஐந்து வருஷம் உழைத்தது. டிவிடி போய்ப் பென் டிரைவ் வந்தது. கரண்டு திரும்பி வந்தது. சவுரியம்மாள் கொல்லையில் தொங்கிய டிவிடிகள் வெயிலில் நிறம் போய் உதிர்ந்தன. ஸ்டுடியோவில் அன்புச்செல்வி தன் மானிட்டரை வாசல் பக்கம் பார்க்க வைத்திருந்தாள். யார் வேண்டுமானாலும் பின்னால் நின்று பார்க்கலாம். விழுப்புரத்தில் துர்கா அந்தக் கிழங்கை ஒரு சின்னக் கண்ணாடிச் சீசாவில் போட்டு பில் மேஜையில் வைத்திருக்கிறாள் என்று ஒரு போட்டோகிராபர் வந்து சொன்னார். ஸ்டுடியோக்காரர்கள் யார் வந்தாலும் அதை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் பிடிக்கிறாளாம்.

பாண்டுரங்கன் மெசேஜ் அனுப்புவான் என்பதை அவள் மறந்தே போய்விட்டாள். 2017 வைகாசியில் அவன் தங்கை பொன்னிக்குக் கல்யாணம் நடந்தது. லீவு கிடைக்காமல் அவன் வரவில்லை. வீடியோ கோதண்டபாணியின் ஸ்டுடியோதான், மிக்ஸிங் அன்புச்செல்வி. ஆடி மாதம் ஒரு மத்தியானம் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தெரியாத நம்பரிலிருந்து வாட்ஸப் வந்தது. இடது கையால் திறந்து படித்தாள்.

"அன்பு நான் பாண்டு. மஸ்கட்ல இருந்து. பொன்னி நம்பர் குடுத்துச்சு. வீடியோ பார்த்தேன், ரெண்டு வாட்டி பார்த்தேன். நலங்குல மஞ்ச எப்படி மஞ்சளாவே இருக்குது? எனக்கு ஒரு நாளும் வந்ததில்ல. டிவில போட்டுப் பார்த்து மறுபடி மாத்தி மறுபடி போட்டு நாலு அஞ்சு டிவிடி வீணாப்போகும். நீங்கள்லாம் பார்த்துடக் கூடாதுன்னுதான் மானிட்டரைத் திருப்பி வெச்சிக்கினு இருப்பேன். இங்க குடோன்ல வேலை. வெள்ளிக்கிழமை லீவு, சும்மா இருக்க முடியல, மறுபடி மிக்ஸிங் பண்ணலாம்னு இருக்கேன். கம்மி வெலையில எந்த லேப்டாப் நல்லாருக்கும்? பேரோட எழுதி அனுப்பு."